மூன்று விளக்கும் வெள்ளைக் கொடியும்

காஸ்தெல்பெர்னோ,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய செலிண்டா அத்தை அவர்களுக்கு,

தங்கள் அண்ணன் மகன் எல்வீனோ பணிவுடன் எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். தங்கள் முழங்கால் வலியும், என்மேல் உள்ள கோபமும் குறைந்திருக்கும் என நம்புகிறேன். பெருஜியாவில் உங்கள் வீட்டுப் பின்னறையை உடனே காலி செய்து வையுங்கள். தையல் மிஷினைக் கொஞ்சம் தள்ளினால் போதும், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன். இந்த ஊரில் இனி நான் தலைகாட்ட முடியாது.

பெற்றோர் நாளன்று, நிற ஒளிகள் எப்படிக் கலக்கின்றன என்று வகுப்பில் செய்துகாட்டச் சொன்னார் தலைமையாசிரியை. பேசாமல் காய்ச்சல் என்று படுத்திருக்கலாம். ஆனால் ரொட்டிக்கடை குவின்தோ வருகிறார், அவர் மகள் நீவெஸை எனக்குக் கேட்கலாம் என்றிருந்தேன், நம்ம கெட்டிக்காரத்தனத்தைக் கொஞ்சம் காட்டுவோமே என்று ஆசை. இந்த ஊரில் மூன்று பேட்டை அத்தை, சிவப்பு, பச்சை, மஞ்சள். ஆகஸ்டில் கழுதைப் பந்தயம், மிச்ச மாதமெல்லாம் அதைப் பற்றிய சண்டை. குவின்தோ சிவப்புக்குத் தலைவர், மருந்துக்கடை அத்தீலியோ பச்சைக்கு. ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிப் பல வருஷம். இதெல்லாம் தெரிந்திருந்தும், புத்தி எங்கே போச்சோ, திரையில் சிவப்பு விளக்கைப் போட்டேன், சிவப்புக்காரர்கள் கைதட்டினார்கள், அதன் மேலேயே பச்சையையும் போட்டேன். வட்டம் பளீரென்று மஞ்சளாகிவிட்டது. கடைசி வரிசையில் மஞ்சள் பேட்டை மொத்தமும் எழுந்து ஆட்டம். ஒருத்தர் டிரம் வேறு கொண்டுவந்திருக்கிறார், பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு அத்தை டிரம்!

"ஏன்யா வாத்தியாரே, நானும் அந்த மாத்திரைக்காரனும் சேர்ந்தா மஞ்சப் பயலுகளா?" என்று குவின்தோ எழுந்தார்.

"ஐயா, இது வெளிச்சம், பெயின்ட் இல்ல," என்றேன்.

"என் கடைக் கதவுக்கு நானே பெயின்ட் அடிச்சவன்யா! செவப்பையும் பச்சையையும் கலந்தா சாணி நெறந்தான் வரும்!"

"அந்தச் சாணி பூரா செவப்புதான், பச்சைக்கு அதுல பங்கில்ல," என்றார் அத்தீலியோ சுவரைப் பார்த்து.

சமாதானம் பண்ணலாம் என்றுதான், சத்தியமாக வேறு எண்ணமில்லை, நீல விளக்கையும் போட்டேன். நீலம் எந்தப் பேட்டைக்கும் சொந்தமில்லை பாருங்கள். திரை வெள்ளையாகிவிட்டது. "பாத்தீங்களா, எல்லாரும் சேர்ந்தா வெள்ளை!" என்று வாயை வேறு கொடுத்தேன். வெள்ளை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பொர்கோசெக்கோக்காரர்களின் கொடி. போன வருஷம் எங்கள் மூன்று கழுதைகளுக்கும் வயிறு முட்டத் தர்பூசணி கொடுத்துப் படுக்கவைத்த அதே பொர்கோசெக்கோ. டிரம் நின்றது. மூன்று பேட்டையும் ஒன்றாக எழுந்தன. நான் ஜன்னல் வழியாக இறங்கினேன்.

வெளியே நீவெஸ் நின்று சிரிக்கிறாள். "எங்கப்பாவும் மருந்துக்கடைக்காரரும் தோள்ல கை போட்டுக்கிட்டு உன்னைத் திட்டுறாங்க. நான் பொறந்ததுலேருந்து இப்படிப் பாத்ததே இல்ல. ஓடு, நிக்காத!" அவள் சிரித்தாள், எனக்கு அழுகை வந்துவிட்டது அத்தை. அவளை விட்டு வருவதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

பூனையை விசாரித்ததாகச் சொல்லவும். தங்கள் ஆசியும் பின்னறைச் சாவியும் வேண்டி,

எல்வீனோ

பி.கு.: அறை வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடப் போன வழியில் குவின்தோ பிடித்துக்கொண்டார். அடிதான் என்று கண்ணை மூடினேன்.

"வெள்ளைத் துணி மேல செவப்பு வெளிச்சம் அடிச்சா என்னய்யா ஆகும்?"

"செவப்பாத் தெரியும்."

"மாப்ளே!" என்று கட்டிக்கொண்டார்.

ஞாயிறு, பொர்கோசெக்கோ திருவிழாவில், அவர்கள் கொடிமேல் எங்கள் விளக்கை அடித்து மானத்தை வாங்குவதாகத் திட்டம். யார் விளக்கு முதலில் என்று சண்டை வந்து, சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்றையும் ஒரே நேரத்தில் போடுவது என்று கைகொடுத்துக்கொண்டார்கள். யோசனை மஞ்சள் பேட்டைத் தலைவருடையது. கடைசி வரிசையில் ஆடிக்கொண்டே பாடத்தைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான்.

சிவப்பும் பச்சையும் சேர்ந்தாலே மஞ்சள், நீலமில்லாமல் இந்த மூன்றும் சேர்ந்தால் கொடி என்ன நிறமாகும் என்று மாமனாரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நீவெஸிடம் சொன்னேன். பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆகவே அறையைக் காலி செய்தே வையுங்கள். திங்கட்கிழமை வருகிறோம். கட்டில் இரண்டு பேருக்கு.