சட்னி அரைத்தால் நகரும் மேசை

வலப்பக்கம் போகச் சொன்னால் மேசை இடப்பக்கம் போனது.

பாண்டிராஜ் கம்ப்யூட்டரில் மறுபடியும் வலப்பக்க அம்புக்குறியைத் தட்டினார். மில்லிங் மெஷினின் சின்ன இரும்பு மேசை மறுபடியும் இடப்பக்கமே நகர்ந்து, கடைசியில் முட்டி உறுமியது.

"யாரைப் பாத்து உறுமுது அது?" என்றாள் மனைவி மாரிசெல்வி அடுப்படியிலிருந்து.

"பழகுது. பழகிரும்."

திருத்தங்கல்லில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் பாண்டிராஜ் மெக்கானிக். இந்த மெஷின் பழைய சாமான் கடையில் அவர் ஆசைப்பட்டு வாங்கியது. தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிது. கைப்பிடியைச் சுற்றினால் மேசை நகரும். மேலே சுழலும் கட்டர், மேசையில் இருக்கும் உலோகத்தைச் செதுக்கும். அவர் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு மோட்டார் மாட்டியிருந்தார். இனி கம்ப்யூட்டர் சொன்னால் மேசை தானாக நகர வேண்டும்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், "சும்மா, பொழுது போகணும்ல" என்பார்.

பொழுது போகாமல் போனது, மகள் இசைவாணி ஓசூருக்குப் போன பிறகு. அங்கே மெஷின் செய்யும் கம்பெனியில் அவள் இன்ஜினியர். அப்பாவும் மகளும் போனில் பேசுவது இப்படித்தான் இருந்தது:

"சாப்ட்டியாத்தா?"

"சாப்ட்டேன்ப்பா. நீங்க சாப்பிட்டீகளா?"

"ஆச்சு."

அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம். "அம்மாட்ட குடுக்கேன்" என்று போனை நீட்டிவிடுவார். நீட்டிவிட்டு அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டு, மாரிசெல்வி சொல்லும் "அப்படியா", "ஐயையோ"க்களை வைத்து மகள் என்ன சொல்லியிருப்பாள் என்று ஊகித்துக்கொள்வார்.

மெஷின் வந்தது. பேச விஷயமும் வந்தது.

"வயர்ல நீலத்தையும் சிவப்பையும் மாத்திப் போடுங்கப்பா" என்றாள் இசைவாணி.

மாற்றினார். மேசை எந்தப் பக்கமும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நடுங்கியது.

"குளிர்க் காய்ச்சல் கண்ட மாதிரி நடுங்குதுத்தா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. பாண்டிராஜ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அன்று நெடுநேரம் பேசினார்கள். வயர் விஷயம் முடிந்து, ஓசூர்க் குளிர், ஹாஸ்டல் சாம்பார், சம்பந்தமே இல்லாமல் ஒரு பூனை என்று பேச்சு போனது. போனை மாரிசெல்விக்குக் கொடுக்கவே மறந்துவிட்டார்.

அவள் சொல்லச் சொல்ல வயர்களை மாற்றி மாற்றிப் போட்டதில், மேசை சரியான பக்கம் நகர ஆரம்பித்தது. ஆனால் பத்து மில்லிமீட்டர் போகச் சொன்னால் இருபது போனது.

"செட்டிங்ல ஒரு நம்பர் இருக்கும்ப்பா. அதை ரெண்டு மடங்காக்குங்க."

ஆக்கினார். நாற்பது போனது. சுழன்ற கட்டர், தகட்டைக் கவ்வியிருந்த இரும்புப் பிடியில் மோதி 'டப்' என்று உடைந்தது.

பட்டாசு செய்யும் அந்த ஊர்ப் பக்கத்தில் வீட்டுக்குள்ளிருந்து 'டப்' என்று கேட்டால் யாரும் காரணம் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. எதிர்வீட்டு சுப்புலட்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கே ஓடிவிட்டாள். மாரிசெல்வி போய்ச் சமாதானம் சொல்லிக் கூட்டிவந்தாள்.

"உடைஞ்சிருச்சா? கையில கிய்யில படலையேப்பா?" இசைவாணியின் குரல் சுருங்கிப்போனது. அந்த வாரமே கூரியரில் புது கட்டர்கள் வந்தன.

அடுத்து, மெஷின் பாதி வேலையில் தானாக நின்றது.

"எல்லா வயரையும் ஒண்ணாச் சேர்த்து இறுக்கிக் கட்டுங்கப்பா."

கட்டினார். அலுமினியத் தகடொன்றில் மகள் பெயரைச் செதுக்க ஆரம்பித்தார். 'இ' சொன்னதைவிட நாலு மடங்கு பெரிதாக, ஆனால் அழகாக வந்தது. 'சை' பாதியில் இருக்கும்போது அடுப்படியில் மாரிசெல்வி மிக்ஸியைப் போட்டாள். மேசை துள்ளியது. 'சை'க்குத் தகட்டின் ஓரம்வரை ஒரு வால் முளைத்தது.

"நிறுத்து! நிறுத்து!"

மிக்ஸி நின்றது. மேசையும் நின்றது. மிக்ஸி ஓடியது. மேசையும் ஓடியது.

"இப்ப நான் சட்னி அரைக்கவா வேண்டாமா?"

"இன்னைக்குப் பொடி வச்சுக்கிருவோம்."

"இனி தெனமும் பொடிதான் திம்பீகளோ?"

மறுநாள் அச்சகத்தில் லேபிள் டிசைன் செய்யும் மணிகண்டராஜைக் கூட்டிவந்து காட்டினார். அவன் போனில் ஏதோ வீடியோ பார்த்தான். மெஷினைப் பார்த்தான். மறுபடியும் வீடியோவைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, மோட்டார் வயரோட மத்த வயரைச் சேர்த்துக் கட்டவே கூடாதுன்னு சொல்லுதான். அந்த நம்பரையும் பாதியாத்தான் ஆக்கணுமாம். எல்லாத்தையும் தலைகீழாச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"எம் மக."

மணிகண்டராஜ் வாயை மூடிக்கொண்டான். அதுதான் பாண்டிராஜைக் குத்தியது.

"நான் சரிபண்ணித் தரட்டா?"

"வேண்டாம்ப்பா. இருக்கட்டும்."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்கு வேலை தெரியவில்லை. தெரியாமல் அந்தக் கம்பெனியில் எப்படிக் காலம் தள்ளுகிறாள்? யார் யாரிடம் திட்டு வாங்குகிறாளோ? வாங்கிவிட்டு வந்துதான் தன்னிடம் சிரித்துப் பேசுகிறாளோ?

அந்தக் கவலைக்கு அடியில் வெட்கங்கெட்ட ஆசை ஒன்றும் கிடந்தது. வேலை போனால் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

மறுநாள் சாயங்காலம் அச்சகத்திலிருந்து வண்டியில் வரும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். 'வேலை என்னத்தா வேலை, கிடக்குது. நீ வந்துரு.' வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய கையோடு ஓசூருக்குப் போன் போட்டார்.

வேறு குரல் எடுத்தது. "அங்கிள், நான் கற்பகவல்லி. இசையோட ரூம்மேட், ஒரே கம்பெனிதான். அவ குளிக்கிறா. மெஷின்ல எதும் பிரச்சனையா?"

"மெஷினை விடும்மா." குரலைத் தாழ்த்தினார். "நீ மறைக்காமச் சொல்லு. இசைக்கு அங்க வேலை ஒழுங்கா வருதா? சூப்பர்வைசர் ரொம்பத் திட்டுதாரா?"

கற்பகவல்லி சிரித்தாள்.

"இங்க எந்த மெஷின் நின்னாலும் இசையைத்தான் அங்கிள் கூப்பிடுவாங்க. உங்க மெஷினை மட்டும்தான் ஓட விடமாட்டேங்குறா. அது ஓடிட்டா அப்பா போன் பண்றதை நிறுத்திடுவாராம்."