செல்லோவின் வயிற்றில் வைத்த திருப்புளி

அன்பு மகனுக்கு,

அப்பா தன் கையாலேயே எழுதுவது. இதற்கு முன் நான் எழுதிய கடிதங்கள் இரண்டும் மின்சார அலுவலகத்துக்கு; பதில் இல்லை. நீயாவது போடு. நானும் மருமகளும் நலம். என் கட்டைவிரல் மட்டும் பேனா பிடித்துப் பிடித்து வீங்கியிருக்கிறது.

"அப்பா, அவ கச்சேரிக்கு ஒரு தடவ போங்க. முடிஞ்சதும், போதும்மா, செல்லோவ மூட்ட கட்டி வெச்சுட்டுப் பழையபடி வேலைக்குப் போன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பா" என்று நீ போனில் சொன்னபடியே போனேன்.

முன்வரிசை. மேடையில் நான்கு பேர். சுருதி சேர்க்கிறார்கள் என்று அரை மணி நேரம் பொறுத்திருந்து, பக்கத்து இருக்கைக்காரரிடம், "எப்ப சார் ஆரம்பிப்பாங்க?" என்றேன். "ரெண்டாவது உருப்படி ஓடுது, பேசாதீங்க" என்றார். ஒருவர் வயலினைக் கவிழ்த்து முதுகில் தட்டினார், இன்னொருவர் வில்லைப் போட்டு ரம்பம்போல் இழுத்தார், மருமகள் முழங்காலுக்கிடையே நிறுத்திய அந்த ராட்சத வயலினை, அதுதான் செல்லோவாம், அழுத்தினாள் பார், கிரீச், கர்ர்ர் என்று ஒரு சத்தம், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, நாற்பது வருடம் நெசவு மில்லில் ஃபிட்டராக இருந்தவனுக்குத் தெரியாதா, அது எண்ணெய் இல்லாமல் பேரிங் காய்ந்த சத்தம், இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் பிள்ளை கையைப் பதம் பார்த்துவிடும், எழுந்து மேடையேறிவிட்டேன். ஓடுகிற இயந்திரத்தின்மேல் திருப்புளி முனையை ஊன்றி, பிடியில் காதை வைத்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் திருப்புளியை எடுத்து, செல்லோவின் வயிற்றில் ஊன்றிக் காதைக் கொடுத்தேன்.

"மாமா!" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நிறுத்தாதம்மா, ஓட்டு. ஓடும்போதுதான் தெரியும்."

ஓட்டினாள். கோளாறே இல்லை, மகனே! உள்ளே முந்நூறு தறி ஒன்றாக ஓடுகிறது, ஓர் இழை அறவில்லை. "ஆகா, கொஞ்சம் மெதுவா" என்றேன், மெதுவாக்கினாள். "இப்ப விடு" என்றேன், விட்டாள். சபை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. இறங்கி வந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தன நாள் ஒத்திகை சார்?" என்றார். "நாப்பது வருஷம்" என்றேன்.

திரும்பும்போது பேருந்தில், நீ சொல்லச் சொன்னதை ஒரு சொல் குறையாமல் அவளிடம் சொல்லிவிட்டேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நீ கவலையை விடு.

வேளைக்குச் சோறும், படுத்ததும் தூக்கமும், மேலதிகாரியின் நல்ல முகமும் உனக்கு வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: பேருந்தில் சொன்னதாக எழுதியது நடக்கவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன், "அடுத்த கச்சேரி எப்பம்மா?" என்று வந்துவிட்டது. இந்தப் பக்கத்தை எழுத மூன்று நாள் ஆனதால் கிழிக்க மனமில்லை. திங்கட்கிழமையிலிருந்து நான்கு பேருக்கும் நம் கூடத்தில்தான் ஒத்திகை. உன் சோபாவை மாடியில் ஏற்றிவிட்டேன். அவள் நிறுத்த வேண்டுமென்றால் நீயே நேரில் வந்து சொல்லிக்கொள். ஆனால் வாசிக்கும் நேரத்தில் கதவைத் தட்டாதே. அதையும் சேர்த்து வாசித்துவிடுவார்கள்.