பறவை பார்க்க வந்த அதிகாரியும் பத்தாயிரம் வாலாவும்

எங்கள் ஊரில் யாரை வரவேற்பதென்றாலும் வெடி போட்டாக வேண்டும். மாப்பிள்ளை வந்தால் வெடி, புது டிராக்டர் வந்தால் வெடி. பஸ் நேரத்துக்கு வந்துவிட்டால்கூட நாலு போடலாமா என்று யோசிப்போம். அந்த வெடிகளில் முக்கால்வாசி என் மளிகைக் கடையில் வாங்கியவை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தாமிரபரணித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் குளங்களில் ஒன்று எங்களுடையது. மழைக்காலம் முடிந்ததும் பூநாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கும். அந்தக் கரையில், சனி ஞாயிறு மட்டும் வந்து தங்குகிறவர்களுக்காக நாற்பது வீடுகள் கட்ட ஒரு கம்பெனி கிளம்பியது. 'ஏரிக்கரையில் இல்லம், வாரந்தோறும் இசை, வாணவேடிக்கை' என்று பெரிய போர்டு வைத்தார்கள். (குளம் ஏரியானது எங்களுக்கே அப்போதுதான் தெரியும்.) கரையோரம் மண் அடித்து மேடாக்கினால் மடைக்குத் தண்ணீர் வராது. மடைக்குக் கீழேதான் என் மனைவி செல்வக்கனியின் ஒன்றரை ஏக்கர் வயல்.

எதிர்ப்புக் குழு அமைத்தோம். நான் தலைவர். கூட்டம் போட நாற்காலி என்னிடம்தான் இருந்தது.

மனு மேல் மனுவாகக் கொடுத்ததில், பறவைகள் உண்மையிலேயே வருகின்றனவா என்று நேரில் பார்க்க ஒரு பெண் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவர் எழுதுவதை வைத்துத்தான் அனுமதி. நான் பம்பரமாகச் சுழன்றேன். அவர் வரவேண்டிய அன்று காலை குளத்தில் தண்ணீரே தெரியவில்லை, அவ்வளவு பறவை. இளநீர் தயார், பொன்னாடை தயார்.

பனைகளுக்குப் பின்னால் ஜீப் சத்தம் கேட்டதும் குழுச் செயலாளர் சுடலைமுத்து ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, அம்மா வாராவ!"

என் கை தானாக ஊதுவத்தியைத் திரியில் வைத்தது. பத்தாயிரம் வாலா. கடையில் இருந்ததிலேயே பெரியது.

முதல் வெடிக்கே குளம் மொத்தமும் எழும்பியது. அத்தனை பறவையும் ஒரு சுற்றுச் சுற்றி உப்பளத்துப் பக்கம் போய் மறைந்தன. வெடி மட்டும் நிதானமாக வெடித்துக்கொண்டிருந்தது. பத்தாயிரம் வாலாவைப் பாதியில் நிறுத்த முடியாது என்பது, இத்தனை வருஷம் அதை விற்ற எனக்கு அன்றுதான் உறைத்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியும் பார்த்தேன். இந்த வருஷத்துச் சரக்கு நல்ல தரம்.

அதிகாரி கரையேறியபோது புகை இருந்தது, காகிதம் இருந்தது, நான் இருந்தேன்.

"பறவை எங்கேங்க?"

கூடவே வந்திருந்த கம்பெனி மேனேஜர், "நான்தான் சொன்னேனே மேடம், இங்க கொக்குகூட வராது" என்றார். செத்துவிடலாம் போலிருந்தது.

செல்வக்கனி வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஏறிவந்தாள்.

"இவ்வளவு நேரமும் இருந்துச்சும்மா. கரையெல்லாம் இறகு கிடக்கு, பாருங்க. இவிய ஒரு வெடி போட்டாவ, அம்புட்டும் போயிட்டு." பிறகு போர்டைக் காட்டினாள். "வாராவாரம் பாட்டும் வாணவேடிக்கையும்னு அங்கன எழுதியிருக்காவளே, ஒரு பறவை நிக்குமா? அதையும் எழுதிக்கிடுங்க. சாயங்காலம் அடைய வரும், இருந்து பாத்துட்டுப் போங்க."

அதிகாரி போர்டை இரண்டு தடவை படித்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு மேல் இரண்டும் மூன்றுமாகத் திரும்ப ஆரம்பித்து, வெயில் தாழ்வதற்குள் குளம் நிறைந்துவிட்டது. அதிகாரி பக்கம் பக்கமாக எழுதினார். கிளம்பும்போது, கரி படிந்த என் சட்டையைப் பார்த்து, "நீங்கதான் குழுத் தலைவரா?" என்றார்.

"இல்லைங்க, நாற்காலி மட்டும்தான் என்னோடது."

அனுமதி கிடைக்கவில்லை. போர்டின் மேல் இப்போது நீர்க்காகம் உட்கார்ந்து சிறகு காயவைக்கிறது. குழுவுக்குச் செல்வக்கனி தலைவர். ஊரில் யாரும் வெடி போடக்கூடாது என்பது அவள் போட்ட முதல் தீர்மானம். கடையில் பட்டாசு அலமாரி காலியாகி, அதில் துவரம்பருப்பு இருக்கிறது. என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கைதட்டித்தான் வரவேற்றோம். சம்பந்தி வீட்டார் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். அவர்களுக்கு முழுக்கதையையும் சுடலைமுத்து மைக்கிலேயே சொன்னான்.

இன்றைக்கும் குளத்தில் பறவைகள் திடீரென்று எழும்பினால், வீட்டில் எல்லோரும் முதலில் பார்ப்பது என் கையைத்தான்.