மேற்குச் சுவரில் கண்ணாடி

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் யுகாதி அன்று காலையில் ஒரு சபதம் எடுத்தேன். இனி வாடகை வீடு கிடையாது. சொந்த வீடு. அதுவும் பெங்களூரே திரும்பிப் பார்க்கிற வீடு. திரும்பிப் பார்த்தது வாஸ்தவம்தான். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிற்று.

என் பெயர் வைத்தீஸ்வரன். பெரிய பெரிய ஆபீஸ் கட்டடங்களுக்கு ஏ.ஸி. டிசைன் பண்ணுகிற இன்ஜினியர். கும்பகோணத்திலிருந்து வந்து பத்து வருஷமாகிறது. கன்னடம் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. என் மனைவி கோமளம் இந்த ஊர்க்காரி. தாத்தா காலத்திலேயே மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். அவளுக்குக் கோபம் தமிழில் வரும். காரியம் கன்னடத்தில் ஆகும். இந்த விஷயம் எனக்கு லேட்டாகத்தான் புரிந்தது.

பனசங்கரியில் முப்பதடிக்கு நாற்பதடி சைட் வாங்கினேன். கம்ப்யூட்டரில் நானே படம் போட்டேன். மேற்குப் பக்கம் ஹால். ஹாலுக்குத் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. பிரிண்ட் எடுத்து சாப்பாட்டு மேஜையில் விரித்தேன்.

"இதுக்குப் பேர் இன்டகிரேட்டட் டிசைன், கோமு. காத்து, வெளிச்சம், சூடு, கரண்டு எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து யோசிக்கறது."

"என்னைச் சேர்த்தேளா?"

"சேர்த்திருக்கேனே! கணக்குல நீ ஒரு லோடு."

"லோடா?"

"ஒரு மனுஷ உடம்பு நூறு வாட் சூடு விடும்."

"உங்களோட குடித்தனம் பண்ணினா இருநூறு விடும்."

"வீட்டோட பர்ஃபார்மன்ஸ் முக்கியம்."

"ஏன்? வீடு டிராமாவுல நடிக்கப் போறதா?" என்றவள் படத்தில் விரலை வைத்தாள். "மேக்கால கண்ணாடி வேண்டாம்னா. ஒக்கலிபுரம் வாடகை வீட்டுல பத்து வருஷமா அந்த மேக்கு வெயில்ல நான் வெந்தது போதும்."

"அந்த வீட்டுல என்ன வெயில்? நான் பார்த்ததே இல்லையே."

"சாயங்காலம் நாலு மணிக்கு நீங்க என்னிக்கு ஆத்துல இருந்திருக்கேள்? ஆபீஸ்ல ஸ்வெட்டர் போட்டுண்டு உக்காந்திருப்பேள்."

"கம்ப்யூட்டர் சரின்னு சொல்றது" என்று முடித்துவிட்டேன். அவளும் அதோடு விட்டுவிட்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மேஸ்திரி கிருஷ்ணப்பா வேலையை ஆரம்பித்தார். நல்ல மனுஷர். பேச ஆரம்பித்தால் ரயில் வேகம். ஞாயிற்றுக்கிழமைதோறும் சைட்டுக்குப் போவேன். கோமளமும் கூடவே வருவாள். இருவரும் கன்னடத்தில் பேசுவார்கள். அவள் மேற்கே கை காட்டுவாள். அவர் கிழக்கே கை காட்டுவார். கடைசியில் இருவரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். புரியவில்லை என்று காட்டிக்கொண்டால் இன்ஜினியருக்கு என்ன மரியாதை? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்து, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டு, "ஹௌது, ஹௌது" என்று தலையாட்டுவேன். ஆமாம் என்பதற்குக் கன்னடத்தில் எனக்குத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான்.

நடுவே ஆபீஸ் வேலையாக இரண்டு மாதம் ஹைதராபாத் போய்விட்டு வந்தேன். நேரே சைட்டுக்கு ஓடினேன். மேற்கே கண்ணாடி இல்லை. சுவர் இருந்தது, பூசி முடித்து, வெள்ளையும் அடித்து. அந்தப் பக்கம் முழுக்க மாடிப்படி, பாத்ரூம், சாமான் அறை. ஹால் வடகிழக்குக்குப் போயிருந்தது. ஜன்னல்களுக்கு மேலே இரண்டடிக்கு சன்ஷேடு. கூரையை ஒட்டி வெண்டிலேட்டர்கள்.

"கிருஷ்ணப்பா! என் கண்ணாடி எங்கே?"

அவர் பதறிப்போய் ஏதோ சொன்னார். கோமளம் மொழிபெயர்த்தாள்.

"ஒவ்வொண்ணுக்கும் சாரைக் கேட்டேன், சார் 'ஹௌது'ன்னார்ங்கறார்."

"நான் எப்போ சொன்னேன்?"

"நான்தான் பக்கத்துல நின்னேனே. அஞ்சு ஞாயித்துக்கிழமை சொன்னேள். ஒவ்வொரு தரமும் ரெண்டு வாட்டி சொன்னேள்."

அப்படியே செங்கல் குவியல் மேல் உட்கார்ந்தேன். என் வீட்டை என் கண் முன்னாலேயே, என் அனுமதியோடேயே, எனக்குத் தெரியாமல் கட்டிவிட்டார்கள். உலகத்தில் எந்த இன்ஜினியருக்கு இந்த கதி வந்திருக்கும்?

குடி போனோம். ஆனால் நான் விடவில்லை. நாலு தெர்மாமீட்டர் வாங்கி வந்து அறைக்கு ஒன்றாக மாட்டினேன்.

"ஏப்ரல் வரட்டும். ஹால் முப்பது டிகிரியைத் தாண்டின அன்னிக்கு மேக்குச் சுவரை இடிக்கறேன்."

"தாண்டலேன்னா?"

"தாண்டும்."

"தாண்டலேன்னா?"

"காலம் பூரா நீ சொல்றதைக் கேக்கறேன்."

"அது இப்பவே நடக்கறது. வேற ஏதாவது சொல்லுங்கோ."

ஏப்ரல் வந்தது. வெளியே முப்பத்தாறு. ஹாலில் இருபத்தேழரை. தினம் நோட்டில் எழுதினேன். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தேழரை. எழுத எழுத என் பதினைந்து வருஷப் படிப்பு கண் முன்னே ஆவியாகிக்கொண்டிருந்தது. ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது, ஈரத் துணி போட்டு மூடுகிறாள் என்று சந்தேகம் வந்தது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானம் மூன்று மணிக்குப் பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தேன்.

கோமளம் ஹாலில் வெறுந்தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஃபேன் கூட ஓடவில்லை. நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கல்யாணமாகி அவள் இப்படி அசந்து தூங்கி நான் பார்த்ததே இல்லை. ஒரு நிமிஷம் மனசு என்னவோ செய்தது. ஒரே ஒரு நிமிஷம். பிறகு சுவரிலிருந்து தெர்மாமீட்டரைக் கழற்றி என் அக்குளில் வைத்துக்கொண்டேன். முப்பதைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"ஏன்னா, ஜுரமா?"

படுத்தபடியே கேட்டாள். கண்ணைக் கூடத் திறக்கவில்லை.

மறுநாள் ஆபீசில் அந்த நோட்டை மேஜை மேல் மறந்து வைத்துவிட்டேன். என் மேனேஜர் ஓஸ்வால்ட் புரட்டிப் பார்த்துவிட்டார்.

"வைத்தி, இது எந்த பில்டிங்? ஏ.ஸி. எவ்வளவு டன்?"

"ஏ.ஸி. இல்லை சார். என் வீடு."

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆளே நேரில் வந்துவிட்டார். ஹாலில் நின்றார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். வெண்டிலேட்டரை அண்ணாந்து பார்த்தார். கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"பிரமாதம்ப்பா! யார் டிசைன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் காபியோடு வந்த கோமளம் முந்திக்கொண்டாள்.

"எல்லாம் இவர்தான் சார். மேக்கால கண்ணாடி வெச்சா ஆபத்துன்னு இவருக்கு எப்பவோ தெரியும்."

என் மேல் இவளுக்கு இவ்வளவு பிரியமா! நெஞ்சை நிமிர்த்தி, அடக்கமாகச் சிரித்தேன். ஓஸ்வால்ட் சிரிக்கவில்லை. காபியைக் கீழே வைத்தார்.

"எப்பவோ தெரியுமா? அப்புறம் ஏன்ப்பா ஹெப்பகோடியில நீ ஏ.ஸி. டிசைன் பண்ணின ஆபீசுக்கு மேற்கே பூரா கண்ணாடி வைக்கலாம்னு எழுதிக் குடுத்தே? அங்கே மூணு மணிக்கு மேலே ஒருத்தனும் அந்தப் பக்கம் உட்கார மாட்டேங்கிறான். கண்ணாடி மேலே சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கான். பாவம், உனக்குத் தெரியலைன்னு நினைச்சு நான் விட்டுட்டேன்."

"சார், அது வந்து... இந்த வீட்டை..."

"தெரியலைன்னா மன்னிக்கலாம். தெரிஞ்சே செஞ்சிருக்கே! மண்டேலேருந்து நீ ஹெப்பகோடியிலதான் உட்கார்றே. மேற்குப் பக்க சீட். அந்த பில்டிங்கைச் சரி பண்ணிட்டுத் திரும்பி வா."

அவர் கார் தெருமுனை திரும்புகிற வரை வாசலிலேயே நின்றேன். உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தேன். ஹால் இருபத்தேழு டிகிரி. எனக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது.

"ஏண்டி கோமு இப்படி மாட்டிவிட்டே? நீதான் பண்ணினேன்னு உண்மையைச் சொல்லியிருக்கலாமே!"

"நன்னாயிருக்கே! வந்தவா எதிர்ல ஆத்துக்காரரை விட்டுக்கொடுப்பேனா?"

"மே மாசம் முழுக்க அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி நான் என்ன பண்ணுவேன்?"

அவள் தலையணையை எடுத்து வந்து ஹாலில் போட்டாள்.

"கவலைப்படாதீங்கோ. நீங்க திரும்பி வரவரைக்கும் தினம் மத்தியானம் இங்கேயே படுத்துண்டு உங்களையே நினைச்சுண்டிருப்பேன்."