வலது காலுக்கு ஒரு ஸ்னோபோர்ட்

வாசகப் பெருமக்கள் முதலில் பொறுத்தருள வேண்டும். கதை எழுதும் பயிற்சியோ அதற்குரிய துணிவோ இல்லாத ஒருவர் எழுதும் முதற்கதை இது. பிழைகள் இருப்பின் அவை எழுதியவரைச் சாரும். சிரிப்பு ஏதேனும் வருமாயின் அது முழுவதும் குகநேசனைச் சாரும். அவர் ஏற்கெனவே கடையில் நின்றுகொண்டிருக்கிறார். இனியும் அவரைக் காக்க வைப்பது மரியாதையன்று.

"எந்தக் கால் முன்னுக்கு?" என்று கடைப் பெண் மறுபடியும் கேட்டாள்.

ஸ்டோவ்னர் அங்காடியிலுள்ள விளையாட்டுப் பொருட்கடை அது. பனியில் நின்றபடி சறுக்கும் ஒற்றைப் பலகையான ஸ்னோபோர்ட் ஒன்று வாங்க வந்திருந்தார் குகநேசன். அவர் ஒஸ்லோவில் நெடுங்காலமாகப் பஸ் ஓட்டுபவர். புது வீட்டுக்குள்ளும், புது வேலைக்குள்ளும், ஏன், புதிதாகக் கொடுக்கப்பட்ட பஸ்ஸுக்குள்ளும்கூட வலது காலை வைத்தே ஏறியவர். ஆகையால் இதை ஒரு கேள்வியாகவே அவர் கருதவில்லை.

"வலது கால்" என்றார்.

"நிச்சயமாகவா? பலருக்கு இடது கால்தான் முன்னே வரும். அதைப் பொறுத்தே சப்பாத்தைப் பலகையில் பூட்டுவோம். சோதித்துப் பார்க்கலாமா?"

அவள் பின்னால் சென்று அவருடைய முதுகை மெல்லத் தள்ளினாள். இடறிய குகநேசனின் இடது கால் தானாகவே முன்னே வந்து நின்றது.

குகநேசன் தம் காலைப் பார்த்து வெட்கமுற்றார்.

"மன்னிக்க வேண்டும். நான் ஆயத்தமாக இருக்கவில்லை. இன்னொரு முறை தள்ளுங்கள்."

அவள் தள்ளினாள். இம்முறை அவர் வலது காலை, மணமகள் புகுந்த வீட்டுக்குள் வைப்பதுபோல, அழகாக எடுத்து வைத்தார்.

"பின்னை என்ன!" என்றார் துணைக்கு வந்திருந்த செபஸ்ரியன். "நல்ல காரியத்துக்கு ஆராவது இடது காலை வைப்பினமோ? இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் விளங்கேல்லை, அண்ணை."

செபஸ்ரியனும் பஸ் சாரதியே. பனியில் சறுக்கிய அனுபவம் அவருக்கும் உண்டு. ஆனால் அது ரொம்மன் பஸ் தரிப்பிடத்தில், அவருடைய விருப்பத்தைக் கேளாமல் நிகழ்ந்தது.

இத்தனைக்கும் காரணம் வரவிருந்த சனிக்கிழமைச் சந்திப்பு. குகநேசனின் ஒரே மகள் வர்சா, எலியாஸ் என்ற நோர்வேஜிய இளைஞனை மணக்க இருந்தாள். எலியாஸ் நல்ல பிள்ளை. குகநேசனின் மனைவி ஜெயகுமாரியின் மீன்குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு மாமியாரின் மனத்தை வென்றவன். அவனுடைய பெற்றோர் வடக்கே ட்ரொம்சோவிலிருந்து முதன்முறையாக வருகிறார்கள். சந்திப்பு ட்ரிவான் பனிமலையடியில் என்று முடிவாகியிருந்தது. வர்சா காட்டிய ஒரே படத்தில் இருவரும் தலைக்கவசமும், முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடியும் அணிந்து, விண்வெளிக்குப் புறப்படுபவர்கள்போல நின்றார்கள்.

"அப்பா, நீங்கள் சறுக்கத் தேவையில்லை. கபேயில இருந்து கோப்பி குடிச்சாக் காணும்" என்றாள் வர்சா.

"கோப்பி குடிக்க மட்டும் வந்த ஆக்கள் எண்டு நினைக்கட்டோ?"

"அவை ஒண்டும் நினைக்க மாட்டினம். அவரின்ர பேர் ஸ்வைன், அவவின்ர பேர் பெரித். பேர் சொல்லியே கூப்பிடுங்கோ."

"சம்மந்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதோ! நல்ல பழக்கம்!"

குகநேசனின் அச்சம் வேறு. நண்பர் ஒருவருடைய மகளின் கலியாணத்தில் அவர் ஒரு காட்சியைக் கண்டிருந்தார். நோர்வேஜியச் சம்பந்திகள் ஒரு மூலையில் தனியே இருந்து, சாப்பாட்டுக்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள். ஒரே பஸ்ஸில் ஏறியும் முன்னும் பின்னுமாக இருந்து, ஒருவரையொருவர் பாராமல் இறங்கிப் போகும் பயணிகளைப் போல. தம் மகளின் கலியாணம் அப்படி ஆகக்கூடாது. சம்பந்தியோடு பனியில் இறங்கினால்தான் சம்பந்தி மனத்தில் இடம் கிடைக்கும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

காலுக்கொரு பலகை பூட்டும் ஸ்கீயை அவர் தவிர்த்ததற்கும் தக்க காரணம் இருந்தது. ஸ்கீயைப் பற்றிச் சம்பந்திக்கு எல்லாம் தெரிந்திருக்கும். உடனே பிழை பிடித்துவிடுவார். இந்த ஒற்றைப் பலகை விடயத்தில் அந்த ஆபத்துக் குறைவு. தவிரவும், இரண்டு பலகைகள் இரண்டு பக்கம் போகலாம். ஒன்று போனால் ஒரு பக்கந்தானே போகும்!

"புதிதாகப் பழகுபவருக்கு நீளம் குறைந்த, நன்றாக வளையும் பலகைதான் நல்லது" என்று கடைப் பெண் ஒன்றை நீட்டினாள்.

செபஸ்ரியன் அதை வளைத்துப் பார்த்து முகஞ்சுளித்தார். "உது அப்பளம் மாதிரி வளையுது. அண்ணை, வாங்கிறது ஒருக்கா. வடிவா, பெலமா வாங்குங்கோ. அந்தா, அங்கை கழிவு விலையில ஒண்டு நிக்குது."

விலை குறைக்கப்பட்டிருந்த அந்தப் பலகை ஒரு கதவின் கம்பீரத்தோடு நின்றது. போட்டிகளில் பறப்பவர்களுக்குரியது என்று அந்தப் பெண் எச்சரித்தாள். அந்தச் சொல் செபஸ்ரியனுக்கு மேலும் உற்சாகத்தையே கொடுத்தது. சப்பாத்தும் ஓர் அளவு பெரிதாகவே வாங்கப்பட்டது, இரண்டு சோடி காலுறை போடலாம் என்பதற்காக.

வீட்டில் ஜெயகுமாரி பலகையைச் சுவாமியறையில் கிடத்தி, நடுவில் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமப் பொட்டும் இட்டாள். புது வாகனம் அல்லவா? தேசிக்காய் என்னும் எலுமிச்சையை நசுக்க வண்டிச்சில்லு இல்லாதபடியால் பலகையையே தேசிக்காயின்மீது வைத்து மிதித்தாள்.

"இனி ஒண்டும் நடவாது" என்றாள்.

அவள் சொன்னது அப்படியே பலித்தது. சனிக்கிழமை, குறித்த நேரத்துக்கு வெகு முன்னதாகவே ட்ரிவானுக்குப் போய், சிறுபிள்ளைகள் பழகும் மேட்டின் உச்சியில் குகநேசன் வலது காலை முன்வைத்து நின்றபோது, ஒன்றுமே நடக்கவில்லை. பலகை அசையவில்லை. இடையளவு உயரமுள்ள பிள்ளைகள் இருபக்கமும் வழுக்கிச் சென்றார்கள்.

"இஞ்சருங்கோ, என்ன நிக்கிறியள்?" என்று பக்கத்தில் நின்ற ஜெயகுமாரி கேட்டாள்.

"ஓடுதில்லை." அவர் பனியில் அமர்ந்து, பலகையைத் தூக்கிப் பார்த்தார். "சந்தனம் காய்ஞ்சு, அதில பனி ஒட்டிப் பிடிச்சிருக்கு. அடிப்பக்கத்தில பூசச் சொல்லி ஆர் உமக்குச் சொன்னது?"

"உதுக்கு எது அடி, எது முகம் எண்டு எனக்கென்ன தெரியும்? வழவழப்பா இருந்த பக்கம் முகம் எண்டு நினைச்சன்."

உதட்டு வெடிப்புக்கென்று அவள் கைப்பையில் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தாள். குளிரில் அது வெண்மையாக உறைந்திருந்தது.

"பாரும், மெழுகு மாதிரித்தான் இருக்கு" என்று மகிழ்ந்த குகநேசன், போத்தலைக் காலியாக்கி, சந்தனத்தின்மேல் தாராளமாகத் தேய்த்தார்.

எழுந்து நின்றார். நின்றார் என்பதைக்கூட முழுமையாகச் சொல்ல முடியாது. பலகை புறப்பட்டுவிட்டது. இடது கால் தனக்குரிய இடம் முன்பக்கம் என்று வாதாட, வலது கால் விட்டுக்கொடுக்க மறுக்க, பெரிய சப்பாத்துக்குள் குதிகள் இரண்டும் தனித்தனியே பயணம் செய்தன. பஸ்ஸில் பழகிய கால் பிரேக்கை மிதித்தது. பலகையில் பிரேக் இல்லை.

"விலகுங்கோ! விலகுங்கோ!" என்று அவர் தமிழில் கத்தியதை மேட்டடியில் நின்ற இருவரும் புரிந்துகொள்ளவில்லை. அடுத்த கணம் மூவரும் பனியில் ஒன்றாகக் கிடந்தார்கள்.

இதன் பின்னர் உரையாடல் நோர்வேஜிய மொழியில் நடந்தது. தமிழில் தருவதற்கு அனுமதி வேண்டுகிறோம்.

"மன்னிக்க வேண்டும், மன்னிக்க வேண்டும்" என்று குகநேசன் படுத்தபடியே பல தடவை சொன்னார்.

கீழே கிடந்த ஆண் சிரித்தார். "ஒன்றுமில்லை! எலியாஸ் இதைப் பார்த்திருந்தால் எவ்வளவு சிரித்திருப்பான்!"

குகநேசன் தலையைத் தூக்கிப் பார்த்தார். தலைக்கவசம், பெரிய கண்ணாடி, உடன் ஒரு பெண். இவ்வளவு பெரிய மலையில் தாம் இடித்து விழுத்தியது...

"நீங்கள் எலியாஸின் அப்பாவா?"

"ஆம். இவர் எலியாஸின் அம்மா. அவன் மேலே இருக்கிறான், கொஞ்சத்தில் வந்துவிடுவான்."

"நான் வர்சாவின் அப்பா!"

அந்தப் பெண் "வர்சா...?" என்று இழுத்தார். கணவர் முழங்கையால் அவரை மெல்ல இடித்தார். "வர்சா! ஆமாம், ஆமாம், வர்சா!"

மூச்சிரைக்க இறங்கி வந்த மனைவியிடம் குகநேசன் தமிழில் சொன்னார்: "குமாரி, உவைதான் சம்மந்தி. இடிச்சு விழுத்திப்போட்டன். நீர் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியை எடும், கெதியா!"

"வர்சாவுக்கு ஒருக்காச் சொல்லட்டோ?"

"வேண்டாம். அவள் வரேக்கை எல்லாம் பேசி முடிச்சிருக்கோணும்."

கண்ணாடியைக் கழற்றி மட்டன் ரோல்ஸைச் சுவைத்தவர்களை ஜெயகுமாரி உற்றுப் பார்த்தாள். "என்னப்பா, இவ்வளவு இளமையா இருக்கினம்?"

"குளிருக்குள்ள இருக்கிற ஆக்கள். பிரிட்ஜில வைச்ச மரக்கறி மாதிரி, லேசில வாடாயினம்."

"இன்னும் ஒண்டு எடுங்கோ" என்று ஜெயகுமாரி கையாலும் கண்ணாலும் வற்புறுத்த, அவர்கள் எடுத்தார்கள். மறுத்தபோதும் வைத்தாள். பெட்டி வேகமாக வெறுமையாகியது.

"எலியாஸுக்கு எங்கள் வீட்டு மீன்குழம்பு மிகவும் விருப்பம்" என்றாள்.

தாயார் மெல்லுவதை நிறுத்தினார். "எலியாஸா? மீனா? எங்கள் வீட்டில் மீனைக் கண்டால் மேசைக்குக் கீழே போய்விடுவானே!"

ஜெயகுமாரியின் முகம் நிலவாயிற்று. "கேட்டியளோ, தாயின்ர கையால தின்னாத பிள்ளை என்ர கையால தின்னுது!"

"வர்சாவும் எலியாஸும் மூன்று வருடமாக ஒருவரையொருவர் விரும்புகிறார்கள்" என்றார் குகநேசன், பணிவோடு.

"மூன்று வருடமாகவா!" தாயார் நெஞ்சில் கை வைத்தார். "எவ்வளவு அழகு! எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை."

"பிள்ளையில் ஏதாவது குறை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். நாங்கள் ஒன்றும் நினைக்க மாட்டோம்."

"குறை என்ன... காலையில் அவனை எழுப்பி, உடுத்தி, வெளியே அனுப்புவதுதான் பெரும் போராட்டம்" என்றார் தந்தை.

"ஆம்பிளையள் எல்லாம் உப்பிடித்தான்" என்று ஜெயகுமாரி தமிழிலேயே கணவரைப் பார்த்துத் தீர்ப்பளித்தாள்.

குகநேசன் தொண்டையைச் செருமினார். இதுதான் நேரம். "அப்படியானால், கலியாணத்தை ஆவணியில் வைப்போமா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தந்தை கண்ணீர் வரச் சிரித்து, கையை நீட்டினார். "வைப்போம்! நானே எழுந்து உரை நிகழ்த்துகிறேன்."

"ரொம்மனில் மண்டபம். நானூறு பேர்."

"நானூறா?"

"சின்னக் கலியாணந்தான். நீங்கள் முன்வரிசையில், எங்களோடு இருக்க வேண்டும். சாப்பிடாமல் போகக்கூடாது."

"இதே ரோல்ஸ் இருந்தால், நாங்கள் போகவே மாட்டோம்!"

குகநேசனுக்குக் கண் கலங்கியது. மூலையில் தனியே அமர்ந்திருந்த அந்தச் சம்பந்திகளின் உருவம் அவர் மனத்திலிருந்து அகன்றது. சிரிக்கும் சம்பந்தி, உரை நிகழ்த்தும் சம்பந்தி, தாம் இடித்து விழுத்தியும் கை கொடுக்கும் சம்பந்தி! இவருக்கு என்ன கொடுத்தால் தகும்? அருகில் பலகை கிடந்தது. இனி அதன்மீது ஏறுவதில்லை என்று அவர் ஏற்கெனவே தீர்மானித்திருந்தார். ஆகவே அதைக் கொடுப்பதில் அன்பும் பாதுகாப்பும் ஒருங்கே அமைந்தன.

"இது எலியாஸுக்கு, எங்கள் பரிசு."

"ஐயோ, இவ்வளவு பெரிய பரிசா! அவனுக்கு இது மிகவும் பெரிதல்லவா?"

'என்ன அடக்கம்!' என்று குகநேசன் வியந்தார். "குடும்பத்துக்குள் பெரிதென்ன, சிறிதென்ன! மறுக்கக்கூடாது."

தந்தை பலகையை மார்போடு அணைத்து வாங்கிக்கொண்டார்.

அப்போது ஜெயகுமாரியின் கைத்தொலைபேசி ஒலித்தது. வர்சாவின் செய்தி. அவள் உரக்க வாசித்தாள்:

"'நாங்கள் நாலு பேரும் கபேக்கு வந்திட்டம். ஸ்வைனும் பெரித்தும் அம்மாவின்ர ரோல்ஸுக்கெண்டு காலமை ஒண்டும் சாப்பிடாம வந்திருக்கினம்.'"

அவள் வெறும் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "நாலு பேரும் அங்கையெண்டால், இஞ்சை நிக்கிற இந்த ரெண்டு பேரும் ஆரப்பா?"

குகநேசன் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, மஞ்சள் மேலங்கி அணிந்த பயிற்சியாளப் பெண் ஒருத்தி, தன் இடுப்பளவு உயரமுள்ள ஒருவனைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள்.

"எலியாஸின் அப்பா நீங்கள்தானே? இன்று மிக நன்றாகச் சறுக்கினான். பால்பல் ஒன்றுதான் விழுந்துவிட்டது."

அன்று இழக்கப்பட்டவை: ஸ்னோபோர்ட் ஒன்று, மட்டன் ரோல்ஸ் பெட்டி முழுவதும், தேங்காய் எண்ணெய் ஒரு போத்தல், விழுந்த வேகத்தில் கழன்றுபோன குகநேசனின் இடக்கைக் கையுறை, மேற்படி பால்பல். வர்சாவின் கலியாணம் இழக்கப்படவில்லை. ஆதலால் அது இதில் சேராது.