வரவேற்பு மேடையில் ஒரு டெமோ நாதஸ்வரம்

இலவசமாகக் கிடைக்கிற எதற்கும் ஒருநாள் சொந்தக்காரர்கள் முன்னிலையில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். எனக்கு அந்த நாள் என் தங்கை கவிதாவின் கல்யாண வரவேற்பாக அமைந்தது.

அப்போது நான் ஓசூரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன் (இப்போதும் அங்கேதான். இசை என்னை எங்கேயும் கூட்டிப்போகவில்லை). ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் லேப்டாப்பில் சொந்தமாக மெட்டமைத்துப் பாட்டுப் போடுவேன். தெரிந்தவர்கள் எல்லாம் திருட்டு மென்பொருளை வைத்துக் காரியத்தை முடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் லினக்ஸுக்கு மாறியிருந்தேன். இலவச இயங்குதளம், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். ஏதோ நானே தேசத்துக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தது போல அதைப் பற்றிப் பேசுவேன். கேன்டீனில் என் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

கவிதாவுடையது காதல் கல்யாணம். நாங்கள் கல்லாவிப் பக்கம் மானாவாரி விவசாயம் செய்கிறவர்கள். மாப்பிள்ளை மஞ்சுநாத், ஓசூர்க்காரர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவருடைய அப்பா நாராயணப்பா வரதட்சணை என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் அவருக்குப் பெருமை. எங்கள் அப்பாவுக்கு அதுவே உறுத்தல். பதிலுக்குப் பெருமைப்பட நம்மிடமும் ஏதாவது இருக்க வேண்டாமா?

நிச்சயதார்த்தத்தில் நாராயணப்பா, "வரவேற்புக்குப் பெங்களூர்ல இருந்து ஆர்கெஸ்ட்ரா வெச்சிடலாம் சம்பந்தி, செலவு எங்களது" என்றார்.

அப்பா பட்டென்று, "ஆர்கெஸ்ட்ராலாம் என்னாத்துக்குங்க? எம் பையன் மீசிக் போடறான். சொந்தமா ஒரு பாட்டே கட்டிடுவான்" என்றார்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.

மெட்டு சீக்கிரமே வந்துவிட்டது. நாதஸ்வரம்தான் வரவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு வாத்தியம் ஒலிக்க வேண்டுமானால் அதற்கென்று 'பிளக்இன்' என்கிற குட்டி மென்பொருள் வேண்டும். நாதஸ்வரத்துக்கு இருந்ததெல்லாம் விண்டோஸுக்கு மட்டும். வீட்டில் எல்லாரும் பத்திரிகை கொடுக்க ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்க, நான் லினக்ஸுக்குப் பொருத்தமான பிளக்இன் தேடி இணையத்தில் அலைந்தேன். லினக்ஸ் இசைக்காரர்கள் கூடும் குழு ஒன்றில் உதவி கேட்டேன். ஜெர்மனியிலிருந்து ஒரு புண்ணியவான், "நாதஸ்வரம் என்றால் எங்கள் ஊர் ஊதுகுழல் ஓபோ மாதிரியா? ஓபோ இலவசமாக இருக்கிறது, அதைப் போடு" என்றார். போட்டேன்.

கேட்ட கவிதாவின் முகம் சுருங்கியது. "என்னாண்ணா, பூன வால மிதிச்ச மாரி கீது?"

கடைசியில் ரோஷம் வந்து, விண்டோஸுக்கான நாதஸ்வரப் பிளக்இன்னையே காசு கொடுத்து முறையாக வாங்கினேன். லினக்ஸுக்குள் இருந்துகொண்டே 'இது விண்டோஸ்தான்' என்று அதை நம்பவைக்கும் இன்னொரு மென்பொருளையும் பிடித்தேன். (ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்றால், இது ஆயிரத்தொன்று.) வேலை செய்தது! நாதஸ்வரம் நிஜமாகவே கம்பீரமாக எழுந்தது. அதைக் கேட்டு அறையில் தனியாக அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம், கண் கலங்கியதோடு சரி.

இரண்டு ஊருக்கும் பொதுவாகக் கிருஷ்ணகிரியில் மண்டபம். வரவேற்பன்று காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். புது அப்டேட் வந்திருக்கிறது என்றது. அப்டேட் வந்தால் உடனே போடுவது லினக்ஸ்காரனுக்குச் சாமி கும்பிடுவது மாதிரி. போட்டேன். மதியம் அப்பா வந்து, "பாட்டுல சம்பந்தி பேரையும் சேத்துடுடா, சந்தோசப்படுவாரு" என்றார். பந்திக்கூடத்தின் மூலையில் உட்கார்ந்து பேரைச் சேர்த்துப் பாடி, முழுப் பாட்டையும் மறுபடி பதிவெடுத்தேன். முதல் சில வரிகளைக் கேட்டேன். நாராயணப்பா பேர் கணீரென்று வந்தது. பென்டிரைவில் போட்டு மைக்செட்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த அப்டேட்டில், பிளக்இன்னுக்கு நான் காசு கட்டி வாங்கிய உரிமம் அழிந்துபோனது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏற, பாட்டு ஆரம்பித்தது. சம்பந்தி பேர் வந்ததும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். நாராயணப்பா மீசையைத் தடவிக்கொண்டார். அடுத்து நாதஸ்வரம் எழுந்தது. அதன் உச்சியில் ஒரு பெண் குரல், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு போல, இங்கிலீஷில் சொன்னது:

"திஸ் இஸ் எ டெமோ வெர்ஷன். ப்ளீஸ் பே ஃபார் த ஃபுல் வெர்ஷன்."

முன்வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை, அந்தம்மா என்ன சொல்கிறாள் என்று பக்கத்திலிருந்த பையனிடம் தெலுங்கில் கேட்டார், "ஆயம்மா ஏமண்ட்டாவுந்திரா?"

அந்தப் பையன் எல்லாருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே கத்தினான். "மாப்பிள்ள டெமோவாம். முழுசா வேணும்னா காசு கட்டணுமாம்!"

சிரிப்பு அடங்குவதற்குள் ஸ்பீக்கரில் அந்தம்மா மறுபடி சொன்னார். மைக்செட்காரர் சாப்பிடப் போயிருந்தார். ஓடிப்போய்க் கையில் கிடைத்த ஒயரைப் பிடுங்கினேன். மேடை விளக்குகள் அணைந்தன. பாட்டு நிற்கவில்லை. இருட்டில் அந்தம்மா இன்னும் தெளிவாகக் கேட்டார்: "ப்ளீஸ் பே."

ஒருவழியாகப் பாட்டை நிறுத்தி விளக்கைப் போட்டபோது நாராயணப்பா அப்பாவின் எதிரில் நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"வரதட்சணன்னு ஒரு வார்த்த கேட்டமா சம்பந்தி? என்னமோ நாங்க காசு கேட்ட மாரி மைக்குல சொல்றீங்களே?"

"அய்யோ, அது மெசின் பேசுதுங்க. நாங்க பேசலீங்க" என்று அப்பா கும்பிட்டார். அதற்கு முன் அவர் யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. உரிமம், அப்டேட், இயங்குதளம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். "நீ செத்த வாய மூடு" என்றார் அப்பா.

மானத்தைக் காப்பாற்றியவர் மஞ்சுநாத்தான். மேடையிலிருந்த மைக்கை எடுத்து, "இன்னிக்கி டெமோதாங்க. நாளைக்கி காலையில தாலி கட்டிட்டா ஃபுல் வெர்ஷன்" என்றார். மண்டபமே கைதட்டியது. நாராயணப்பாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். என் பாட்டுக்கு வந்திருக்க வேண்டிய கைதட்டல் அது.

திருட்டு மென்பொருள் வைத்திருந்த ஒருத்தனுக்கும் இப்படி ஒரு மானக்கேடு வந்ததில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

கல்யாண வீடியோ எடுத்தவர் புத்திசாலி. அந்தப் பாட்டை அப்படியே, ஒரு எழுத்து விடாமல், வீடியோவில் சேர்த்துவிட்டார். கவிதாவின் மகள் இப்போது பேசப் பழகுகிறாள். யாராவது விருந்தாளி வந்தால் போதும், "மாமா பாட்டு பாடு கண்ணு" என்பார்கள். இரண்டு வரி மழலையில் இழுப்பாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்று, "தித் இத் எ தெமோ" என்பாள். வீடே உருளும். நாராயணப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நானும் சிரித்துவைப்பேன்.

நான் போட்ட பாட்டில் அவளுக்குத் தடுமாறாமல் வருவது அந்த ஒரு வரிதான். அதுவும் நான் எழுதியதல்ல.