மன்னிப்புக் கடிதம் கொடுக்காத மாணவி

கனடாவில், வடக்கு ஒன்டாரியோவின் ஆற்றோர ஊர் ஒன்றில், ‘பூர்வகுடிகளோடு நல்லிணக்கம்’ என்ற பாடத்தில் பள்ளியிலேயே ஒரே ஒருத்திதான் பூஜ்ஜியம் வாங்கினாள். அவள் கிரீ என்ற பூர்வகுடி இனத்துப் பெண் கியாரா. பூஜ்ஜியம் வாங்கியவர்களுக்கு ஹாக்கி அணியில் இடமில்லை. சனிக்கிழமை இறுதி ஆட்டம். மகள் இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தாள். அம்மா வெர்னா வபானோ வயிற்றெரிச்சலோடு பள்ளிக்குப் போனாள்.

தலைமையாசிரியர் ஹார்கிரேவ் எழுந்து நின்று, “நாம் கிரீ மக்களின் மண்ணில் கூடியிருக்கிறோம் என்பதை நன்றியுடன் நினைவுகூர்கிறோம்” என்று, எந்தச் சந்திப்புக்கும் முன்னால் சொல்லியாக வேண்டிய வாசகத்தை அட்டையைப் பார்த்து வாசித்தார். அதன் பிறகுதான் அந்த மண்ணில் வெர்னாவை உட்காரச் சொன்னார்.

“நல்லிணக்கப் பாடம் நடந்த வாரம் முழுக்க உங்க பொண்ணு வரலை மேடம்.”

“அப்பாவோட மூஸ் மான் வேட்டைக்குப் போனா சார். வருஷாவருஷம் போறதுதானே?”

“அடடா, அருமையான மரபு! நாங்களும் அதைத்தான் நடத்தினோம். காகிதத்துல மூஸ் செய்யணும். அவ செய்யலை.”

“நிஜ மூஸையே தோலுரிச்சிட்டு வந்திருக்கா!”

“பாடத்திட்டத்துல காகிதம்னுதான் இருக்கு. அது போகட்டும், பூர்வகுடிகள்கிட்ட மன்னிப்புக் கேட்டு எல்லாரும் கடிதம் எழுதியாச்சு. இவ மட்டும் பாக்கி.”

“இவ யார்கிட்ட கேக்கணும்?”

“உதாரணத்துக்கு, உங்ககிட்ட.”

“எதுக்கு?”

“நடந்ததுக்கெல்லாம்.”

வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அப்பாவை ஆறு வயதிலேயே, பூர்வகுடிப் பிள்ளைகளை வெள்ளையராக்க நடத்திய உறைவிடப் பள்ளிக்கு அரசாங்கம் தூக்கிக்கொண்டு போனது. அங்கே கிரீ மொழி பேசினால் அடி. அதற்குப் பேத்தி மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்! ஆனால் சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறதே. கியாராவைக் கூப்பிட்டார்கள். அவள் எழுதினாள்: ‘அம்மா, மன்னிச்சிடு. எதுக்குன்னு சார்கிட்ட கேட்டுக்கோ.’ வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டாள்.

ஹார்கிரேவுக்கு வாயெல்லாம் பல். “இதுவரைக்கும் ஒரு கடிதத்தைக்கூட யாரும் ஏத்துக்கிட்டதில்லை மேடம்! இன்னும் இருநூத்திப் பன்னெண்டு இருக்கு...”

“எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டா இவ ஆடலாமா?”

“தாராளமா!”

கை வலிக்க வலிக்கப் போட்டாள். கியாரா ஆடினாள், இரண்டு கோலும் அடித்தாள். திங்கட்கிழமை மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று: ‘இப்பள்ளியில் நல்லிணக்கம் முழுமையாக நிறைவேற்றப்பட்டுவிட்டது. எனவே மேற்படி பாடம் கைவிடப்படுகிறது.’

செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து வெர்னாவுக்குப் போன்.

“மேடம், எங்ககிட்ட நானூறு கடிதம் இருக்கு. எப்ப வர்றீங்க?”

“ஏன், உங்க ஊர்ல கிரீக்காரங்களே இல்லையா?”

“நிறைய இருக்காங்க மேடம். ஆனா உங்களை மாதிரி நல்லவங்க யாருமில்லை.”